‘பர்சிஸ்ட்’ என்ற சொல்லும் மூன்று நாள் சம்பளமும்

(மருதமுனையில் நடந்த நமது சங்கத்தின் தொழிலாளர் கல்வி முகாமில், மலையகத் தோட்டப் பாடசாலையொன்றில் பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற மருதமுனை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. முகாமுக்கு வர முடியாத அங்கத்தவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



மலையிலிருந்து இறங்கி எங்கள் கடற்கரைக்கு வந்திருக்கிறீர்கள். இந்த வெயிலும் உப்புக்காற்றும் உங்களுக்குப் பழக்கமில்லை. காலையில் இருந்து விசிறிக்கொண்டே இருக்கிறீர்கள், பார்க்கிறேன். நான் உங்கள் பக்கம் முதல் நியமனம் பெற்று வந்தபோது, குளிர் தாங்காமல் மூன்று சாரத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு படுத்தவன். அடுத்த நாள் லயத்திலிருந்து ஓர் அம்மா ஒரு கம்பளியைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினார். அந்தக் கடன் இன்னும் இருக்கிறது. இன்றைக்கு அதில் கொஞ்சம் அடைக்கப் பார்க்கிறேன்.

சங்கத்தார் என்னைக் கேட்டது ஒரே விஷயம்தான். “சேர், கடிதமெல்லாம் இங்கிலீஷில்தான் வருகிறது. அதைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு ஏதாவது சொல்லுங்கள்” என்றார்கள். ஒரு மணித்தியாலத்தில் ஒரு மொழியைப் படிப்பிக்க முடியாது. ஒரு சொல்லைப் படிப்பிக்கலாம். ஒரே ஒரு சொல். ‘பர்சிஸ்ட்’. சிறிய சொல், எங்கும் வருகிற சொல். இந்த ஒரு சொல்லை நான் அரைகுறையாகப் படிப்பித்ததால் ஒரு தாய் ஏழு நாள் சம்பளத்தை இழந்தார். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தரம் ஒன்பது வகுப்பு. பாடப்புத்தகத்தில் ஒரு புதுச் சொல் வந்தது. நான் கரும்பலகையில் எழுதினேன்: “பர்சிஸ்ட் என்றால் விடாமுயற்சி செய்தல்.” பிள்ளைகளுக்கு விளங்கவேண்டும் என்று ஸ்கொட்லாந்து அரசன் ரொபர்ட் புரூஸின் கதையைச் சொன்னேன். போரில் தோற்று ஒரு குகைக்குள் ஒளிந்திருந்தவன், ஒரு சிலந்தி திரும்பத் திரும்ப விழுந்தும் வலை பின்னி முடித்ததைப் பார்த்து மனந்தேறினான் என்ற கதை. பிள்ளைகள் கைதட்டினார்கள். நல்ல பாடம் நடத்திவிட்டேன் என்று எனக்கும் ஒரு திருப்தி.

அந்த வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இருந்தது. அவளுடைய அம்மா கொழுந்தெடுப்பவர். அந்த மாதம் அவரை மூன்று நாள் வேறு டிவிசனுக்குக் கொழுந்தெடுக்க அனுப்பியிருந்தார்கள். அங்கே எழுதிய கணக்கு இங்கே செக்ரோலில் ஏறவில்லை. சம்பள நாளில் பார்த்தால் மூன்று பேர் குறைவு. கணக்கப்பிள்ளையைக் கேட்டார். அவர் கங்காணியைக் கேட்கச் சொன்னார். கங்காணி ஆபீசைக் காட்டினார். அந்த அம்மா கடைசி நிறுவை முடிந்து, கூடையோடு ஆபீசுக்குப் போவார். ஜன்னலுக்கு வெளியே நிற்பார். “நாளைக்கு வா” என்பார்கள். நாளைக்கும் போவார். இப்படி ஐந்து தடவை.

அதற்குப் பிறகு ஒரு கடிதம் வந்தது. இங்கிலீஷில் டைப் செய்தது. வீட்டில் இங்கிலீஷ் படிக்கிற ஒரே ஆள் மகள்தான். அவள் வாசித்தாள். அதில் ‘ஆபீஸ்’ என்று இருந்தது. ‘பர்சிஸ்டட்’ என்று இருந்தது, அது சேர் படிப்பித்த சொல். ‘செவன் டேய்ஸ்’ என்று இருந்தது. ‘கிவ்’ என்றும் இருந்தது. பிள்ளை அம்மாவுக்குச் சொன்னாள்: “அம்மா, நீங்க ஆபீசுக்கு வந்து வந்து விடாமுயற்சியா கேட்டீங்கன்னு போட்டிருக்கு. ஏழு நாள்ல தருவாங்க போல இருக்கு.”

அந்த அம்மாவுக்குச் சந்தோஷம். கடிதத்தை மடித்துப் பால்மா டின்னுக்குள் பத்திரமாக வைத்தார். ஏழு நாள் காத்திருந்தார். எட்டாம் நாள் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு, மூன்று நாள் சம்பளத்தை வாங்க ஆபீசுக்குப் போனார்.

அங்கே அவருக்குக் கிடைத்தது ஏழு நாள் வேலை நிறுத்தம். பாடசாலை விட்ட நேரம், மகளோடு என் குவாட்டர்சுக்கு வந்தார். கடிதத்தை நீட்டி ஒரு கேள்வி கேட்டார். இன்றுவரை எனக்கு மறக்காத கேள்வி அது. “சேர், பாராட்டி எழுதிட்டு ஏன் வேலைய நிப்பாட்டினாங்க?”

நான் வாசித்தேன். கடிதத்தின் கருத்து இதுதான்: ‘பலமுறை சொல்லியும் கேளாமல் அலுவலகத்துக்கு வந்து உத்தியோகத்தர்களின் வேலைக்கு இடையூறு செய்வதில் நீர் பிடிவாதமாக இருக்கிறீர். இதை உடனே நிறுத்த வேண்டும். ஏழு நாட்களுக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும்.’ அவர் விளக்கம் கொடுக்கவில்லை. கொடுக்காமல் திரும்பவும் ஆபீசுக்கே போயிருக்கிறார். எழுதியவர்கள் பார்வையில் அது கீழ்ப்படியாமை. குற்றத்தை ஒப்புக்கொண்டது போலவும் ஆகிவிட்டது.

பிள்ளை பிழையாக வாசிக்கவில்லை. நான் படிப்பித்தபடிதான் வாசித்தாள். நான்தான் அந்தச் சொல்லின் ஒரு பக்கத்தை மட்டும் படிப்பித்திருந்தேன்.

சரி, இப்போது முழுச் சொல்லையும் படிப்போம்.

‘பர்சிஸ்ட்’ என்பது லத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். ‘சிஸ்டெரே’ என்றால் நிற்பது, நிறுத்துவது. ‘பெர்’ என்றால் ஊடாக, கடைசிவரை. ஆக, ‘கடைசிவரை நிற்பது’. இதுதான் அடிப்படை. இதில் நல்லது என்ற கருத்தும் இல்லை, கெட்டது என்ற கருத்தும் இல்லை. நிற்பது, அவ்வளவுதான். எங்கே நிற்கிறீர்கள், எதற்காக நிற்கிறீர்கள், அதை யார் எழுதுகிறார் என்பதைப் பொறுத்துத்தான் நிறம் வரும்.

தமிழில் நமக்கு இதற்கு இரண்டு மூன்று சொல் இருக்கிறது. பிடித்தால் ‘விடாமுயற்சி’ என்போம். பிடிக்காவிட்டால் ‘பிடிவாதம்’ என்போம். நம் பிள்ளை திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விடாமுயற்சி. அதே பிள்ளை திரும்பத் திரும்ப ஐஸ்கிறீம் கேட்டால் பிடிவாதம். தமிழில் சொல்லைக் கேட்டவுடனே புகழ்ச்சியா ஏச்சா என்று தெரிந்துவிடும். இங்கிலீஷில் ‘பர்சிஸ்ட்’ இரண்டுக்கும் பொது. அதனால்தான் ஏமாந்துபோகிறோம்.

இதில் ஓர் அடையாளம் சொல்கிறேன், பிள்ளைகள் எழுதிக்கொள்ளுங்கள். ‘பர்சிஸ்ட்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘இன்’ என்று வந்தால் கவனமாக இருங்கள். ‘பர்சிஸ்ட் இன்’ என்று எழுதி, அதற்குப் பிறகு ஒரு செயலைச் சொன்னால், பெரும்பாலும் அது குறை சொல்வது. ‘வேண்டாம் என்றும் இதையே செய்துகொண்டிருக்கிறாய்’ என்ற கருத்து. எப்போதும் அப்படி இல்லை. ஆனால் கம்பனிக் கடிதத்தில், எச்சரிக்கைக் கடிதத்தில், அநேகமாக அப்படித்தான். ‘பர்சிஸ்ட் வித்’ என்று வந்தால், சிரமமான வேலையைக் கைவிடாமல் செய்வது. அதில் ஏச்சு குறைவு. சந்தேகமே இல்லாமல் பாராட்டுவதற்கு இங்கிலீஷில் வேறு சொல் இருக்கிறது: ‘பர்சிவியர்’. வெறும் பிடிவாதத்துக்கு ‘ஸ்டபன்’, ‘ஒப்ஸ்டினேட்’ என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பது ‘பர்சிஸ்ட்’.

மூன்றாவது பாவனையும் இருக்கிறது. மனிதரைப் பற்றி அல்லாமல், ஒரு நிலைமை நீடிப்பதைச் சொல்வது. மழை பர்சிஸ்ட் பண்ணுகிறது என்றால், மழை விடாமல் பெய்கிறது. மருந்துப் பெட்டியில் பார்த்திருப்பீர்கள்: ‘இஃப் சிம்ப்டம்ஸ் பர்சிஸ்ட்’. குணங்குறி நீடித்தால் டொக்டரிடம் போ என்று அர்த்தம். ‘பர்சிஸ்டன்ட் கொஃப்’ என்றால் விடாத இருமல். இதை எழுதிக்கொள்வது நல்லது: இரண்டு கிழமைக்கு மேல் இருமல் விடாவிட்டால், டிஸ்பென்சரியில் சிறப் வாங்கிக் குடித்துக்கொண்டு இருக்கக்கூடாது. அரச ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே அது இலவசம். இருமல் பர்சிஸ்ட் பண்ணும்போது நாம் பொறுமையாக இருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

பொறுமை என்றதும் என் உம்மாவின் ஞாபகம் வருகிறது. எங்கள் ஊரில் எதற்கெடுத்தாலும் “சபுர் செய்ங்க மகன்” என்பார்கள். சபுர் என்றால் பொறுமை. சின்ன வயதில் நான் அதை ‘வாயை மூடிக்கொண்டு இரு’ என்றுதான் விளங்கிக்கொண்டேன். ஆனால் உம்மா அப்படி இருக்கவில்லை. தறியில் உட்கார்ந்து நெய்து எங்களைப் படிப்பித்தார். நூல் விலை ஏறியபோதும் சபுர் என்றார், நெய்வதையும் விடவில்லை. பொறுமை என்பது மனதுக்கு. கை வேலையை விடக்கூடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஏமாற்றுபவருக்குத்தான் வசதி.

இன்று காலை நீங்கள் கைத்தறி பார்க்கப் போனீர்கள். மருதமுனை என்றால் சாரம் என்பது நாடு அறிந்தது. அங்கே ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். பாவு நூலில் ஓர் இழை அறுந்தால் நெய்கிறவர் என்ன செய்தார்? தறியை நிறுத்தினார். அறுந்த இரண்டு முனையையும் தேடிப் பிடித்தார். முடிச்சுப் போட்டார். பிறகு நெய்தார். “விடாமுயற்சி” என்று நிறுத்தாமல் அடித்துக்கொண்டே போயிருந்தால் என்ன ஆகும்? அந்த ஓர் இழையின் இடைவெளி துணி முழுக்க நீளத்துக்கு ஓடும். அந்தச் சாரத்தை யாரும் வாங்கமாட்டார்கள். அந்த அம்மா ஐந்து தடவை ஆபீசுக்குப் போனது தைரியம். ஆனால் இழை எங்கே அறுந்தது என்று யாரும் பார்க்கவில்லை. மற்ற டிவிசனில் எழுதிய துண்டைத் தேடி எடுத்திருந்தால், ஒரே ஒரு எழுத்து மூலமான முறைப்பாடு கொடுத்திருந்தால், ஆறாவது தடவை போக வேண்டியிருக்காது.

இந்த ஊருக்கும் நிற்கத் தெரியும். 1978 நவம்பரில் சூறாவளி இந்தக் கரையை அடித்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் உள்ளே வந்தது. உயிர்கள் போயின, வீடுகள் போயின, தறிகள் போயின. பிறகும் தறிச்சத்தம் கேட்டது. ‘65 மீற்றர் வீட்டுத்திட்டம்’ என்று இங்கே சொல்லுவார்கள். கடலோரத்தில் வீடிழந்தவர்களுக்கான வீடுகள். வீடு எழும்பி நின்றும் கைக்கு வருவதற்காக மக்கள் வருடக்கணக்கில் அலைந்தார்கள். எந்த ஆபீசுக்குப் போனாலும் கையில் ஒரு கோவை இருக்கும். கோவை இல்லாமல் போனவரின் பேச்சு காற்றோடு போனது.

இனி இந்தச் சொல்லின் சகோதரச் சொற்களைப் பார்ப்போம். ‘சிஸ்ட்’ என்று முடிகிற ஒரு குடும்பமே இருக்கிறது. எல்லாம் ‘நிற்பது’தான். தொழிலாளிக்கு இவை எல்லாமே தேவைப்படும்.

‘ரெசிஸ்ட்’ என்றால் எதிர்த்து நிற்பது. 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் உயிரிழந்தார். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து மக்கள் நின்றபோது சிவனு லட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். எதிர்த்து நின்றவர்களின் பெயர்கள் அவை.

‘இன்சிஸ்ட்’ என்றால் ஒன்றின் மேல் ஊன்றி நிற்பது, வலியுறுத்துவது. ஒரே மலையில், ஒரே வேலைநேரம் உழைத்தும், பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. இங்கே இருக்கிற வயதான அம்மாமாருக்கு ஞாபகம் இருக்கும். 1984 ஏப்ரலில் தோட்டத் தொழிலாளர் நடத்திய பெரிய வேலைநிறுத்தத்திற்குப் பிறகு அந்த வித்தியாசம் நீங்கியது. சம சம்பளம் என்ற ஒரே சொல்லின் மேல் ஊன்றி நின்றார்கள்.

‘அசிஸ்ட்’ என்றால் பக்கத்தில் நிற்பது, உதவுவது. விசாரணைக்குப் போகும் தொழிலாளிக்குப் பக்கத்தில் சங்கத்தின் ஆள் நிற்பது அதுதான். ‘டெசிஸ்ட்’ என்றால் விலகி நிற்பது, கைவிடுவது. எச்சரிக்கைக் கடிதங்களில் இது அடிக்கடி வரும். ‘டெசிஸ்ட் ஃப்ரொம்’ என்று பார்த்தால், ‘இதை நிறுத்து’ என்ற கட்டளை. அந்த அம்மாவின் கடிதத்திலும் இந்தச் சொல் இருந்தது. பிள்ளைக்கு அதை நான் படிப்பித்திருக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ‘பர்சிஸ்ட்’, கடைசிவரை நிற்பது. இதற்கு உங்கள் சரித்திரத்தைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது. 1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து மலையக மக்களின் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1952இல் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். மக்களைக் கேட்காமலே இரண்டு அரசாங்கங்கள் தலைகளைப் பங்குபோட்டன. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று எழுதினார்கள். 1974இல் அந்த மீதியையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எத்தனை குடும்பம் உடைந்தது என்பது உங்கள் வீடுகளில் தெரியும். 1986, 1988 சட்டங்களைத் தாண்டி, 2003இல் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் இந்த நாடற்ற நிலைக்கு முடிவு வந்தது. 1948இலிருந்து 2003 வரை 55 வருடம். தொடங்கியவர்களில் பலர் முடிவைப் பார்க்கவில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி மாறித்தான் அந்த நூல் அறுபடாமல் வந்தது. ‘பர்சிஸ்ட்’ என்பது தனி ஆளின் குணம் மட்டும் அல்ல. ஒரு சங்கம் இருப்பதன் காரணமே அதுதான். ஆள் களைத்துப்போவார், சங்கத்தின் கோவை களைத்துப்போகாது.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். நிற்பது எப்போது பிடிவாதமாகிறது? இலக்கை விட்டுவிட்டு, எண்ணைப் பிடித்துக்கொள்ளும்போது. ஆயிரம் ரூபாய்ப் போராட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் அந்தக் கோரிக்கை மேசைக்கு வந்தது. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து 730 ரூபாய் கிடைத்தது. 2019இல் அடிப்படைச் சம்பளம் 700 ஆனது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை ஊடாக வர்த்தமானியில் ஆயிரம் வந்தது. ஆறு வருடம் நின்றது வீண் என்று நான் சொல்லமாட்டேன். நிற்காவிட்டால் அதுவும் வந்திருக்காது. ஆனால் 2015இல் ஆயிரத்துக்கு வாங்கிய அரிசியும் மாவும் 2021இல் ஆயிரத்துக்கு வரவில்லை. அடுத்த வருடம் விலைவாசி என்ன பாடுபடுத்தியது என்று சொல்லத் தேவையில்லை. நாம் கேட்டது ஆயிரம் என்ற எண்ணையா, குடும்பம் வயிறாரச் சாப்பிடும் சம்பளத்தையா? வயிறாரச் சாப்பிடுவதுதான் இலக்கு. அந்த இலக்கில் நிற்பது விடாமுயற்சி. விலை ஏற ஏற எண்ணைத் திருத்தாமல் நிற்பது பிடிவாதம். 2024இல் 1,700 என்று அறிவித்து, வழக்குக்குப் போய், கடைசியில் 1,350 ஆக வந்ததிலும் இந்தப் பாடம் இருக்கிறது. எண்ணுக்குப் பின்னால் கணக்கு இருக்க வேண்டும். தோட்டக் கடையில் எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று எழுதி வைக்கிற அம்மாமாரின் கொப்பிதான் அந்தக் கணக்கு.

இப்போது கடிதம் கைக்கு வந்தால் என்ன செய்வது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த அம்மாவின் ஏழு நாளுக்கு நான் செலுத்தும் வட்டி இது.

ஒன்று. விளங்காத கடிதத்தில் விளங்கியதாகக் கையெழுத்துப் போடாதீர்கள். ‘கடிதம் கிடைத்தது’ என்று தமிழில் எழுதி, திகதி போட்டு, அதற்குக் கீழே கையெழுத்து வையுங்கள். ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்பதும் ‘கிடைத்தது’ என்பதும் வேறு வேறு.

இரண்டு. அன்றைக்கே தோட்டத் தலைவரிடம் காட்டுங்கள். பிள்ளை வாசித்துச் சொன்னது போதும் என்று இருக்காதீர்கள். பிள்ளை கெட்டிக்காரியாக இருக்கலாம். அவளுக்குப் படிப்பித்த வாத்தியார் என்னைப் போன்றவராக இருக்கலாம்.

மூன்று. கடிதத்தில் எத்தனை நாள் தவணை என்று பாருங்கள். அதற்குள் எழுத்தில் பதில் போக வேண்டும். பதில் தமிழில் இருக்கலாம். ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி. தொழில் திணைக்களம் போன்ற அரச அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும், தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு அரசியலமைப்புத் தந்த உரிமை இருக்கிறது. யாரும் போடுகிற பிச்சை அல்ல.

நான்கு. வேலையிலிருந்து நீக்கினால், லேபர் ட்ரிபியூனல் என்று நாம் சொல்கிற தொழில் நியாய மன்றில் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். “பேசிப் பார்க்கலாம், பெரியதுரை மாறட்டும்” என்று ஏழு மாதம் காத்திருந்தால், உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு மூடிவிடும். காலம் தெரியாமல் நிற்பவர் வீதியில்தான் நிற்பார்.

ஐந்து. வேலையை விட்டு நிற்கும்போது, ஐந்து வருட சேவை பூர்த்தியாகி இருந்தால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடை உண்டு. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடங்களுக்கு இது பொருந்தும். நாட்சம்பளக்காரருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் பதினான்கு நாள் சம்பளம். முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும். இது கிடைக்காமல் எத்தனையோ பேர் ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறார்கள். நடந்தது போதும். எழுதுங்கள், கோவை போடுங்கள், தொழில் காரியாலயத்தில் முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். அந்த இலக்கம்தான் உங்களுக்காக நிற்கும்.

அந்த அம்மாவின் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். அன்றிரவே நானும் மகளும் அவரும் தோட்டத் தலைவர் வீட்டுக்குப் போனோம். அவர் பேப்பரையும் பேனையையும் எடுத்தார். அடுத்த டிவிசனில் அன்றைக்கு நிறுவை எழுதியவரைத் தேடிப் பிடித்தார். அந்த மூன்று நாளும் அங்கே கொழுந்தெடுத்த இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். சங்கக் காரியாலயத்திலிருந்து ஒரு கடிதம் போனது, பிறகு இன்னொன்று, பிறகு தொழில் காரியாலயத்துக்கு ஒன்று. பல மாதம் ஆனது. கடைசியில் மூன்று நாள் சம்பளம் கிடைத்தது. நிறுத்திய ஏழு நாள் சம்பளம் கிடைக்கவில்லை. விளக்கம் கொடுக்காதது உண்மை என்று சொல்லிவிட்டார்கள்.

நான் மனம் வருந்தி அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார்: “விடுங்க சேர். மூணு நாள் காசுக்கு ஏழு நாள் காசு போச்சுதான். ஆனா இப்ப வேற டிவிசனுக்கு யார அனுப்புனாலும், அன்னைக்கே பேரு ஏறிடிச்சான்னு கணக்கப்பிள்ளையே வந்து கேக்குறாரு.”

அடுத்த நாள் வகுப்பில் கரும்பலகையில் அந்தச் சொல்லைத் திரும்பவும் எழுதினேன். பக்கத்தில் ஒரு கருத்துக்குப் பதிலாக மூன்று கருத்து எழுதினேன். விடாமல் முயற்சி செய்வது. வேண்டாம் என்றும் விடாதிருப்பது. ஒரு நிலைமை நீடிப்பது. ஏன் மாற்றினேன் என்று பிள்ளைகள் கேட்டார்கள். நான் பிழையாகப் படிப்பித்துவிட்டேன் என்று சொன்னேன். ஆசிரியர் அப்படிச் சொல்வதை அந்தப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் கேட்டிருப்பார்கள். அந்தப் பிள்ளை மட்டும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

நாளைக்கு நீங்கள் மலையேறிப் போவீர்கள். வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். டின்னுக்குள், பெட்டிக்குள், சாமிப் படத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிற பழைய கடிதங்களை வெளியே எடுங்கள். நல்லது என்று நினைத்து வைத்ததையும் எடுங்கள். வருகிற சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒன்று ஒன்றாக வாசிக்கச் சொல்லுங்கள். எதற்காவது தவணை ஓடிக்கொண்டிருக்கலாம்.

விளங்காத இடம் இருந்தால் கேளுங்கள், விளங்கும்வரை கேளுங்கள். அதை நான் பிடிவாதம் என்று எழுதமாட்டேன்.